ரிமோட் எண்ணிக்கொண்டிருக்கிறது

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் மச்சானுக்கு உரக்கடை. தினமும் ஷட்டரைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதில் போன வருஷம் மோட்டார் போட்டுவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"மாப்ள, ரிமோட் மக்கர் பண்ணுது. முதல் தடவை அழுத்தினேன், அசையல. மறுபடி அழுத்தினேன், ஏறிடுச்சு. செல்லு போயிடுச்சா?"

"நேத்து எங்க போயிருந்தீங்க?"

"புள்ளைங்களோட வெள்ளிமலைக்கு."

"சாவிக்கொத்து?"

"சின்னவன் கையில. கொண்டை ஊசி வளைவு பூரா அதை அழுத்திக்கிட்டேதான் வந்தான்."

செல்லில் கோளாறு இல்லை. கடையில் இருக்கும் பெட்டிக்குத் தெரியாமல் ரிமோட் கல்வராயன் மலையில் தனியாக எண்ணிக்கொண்டு போய்விட்டது.

வெளிநாட்டில் கார் ஷெட் கதவுக்கு வந்த ரிமோட்தான் நம் ஊரில் கடை ஷட்டருக்கும் வந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் அது ரேடியோ அலையில் ஓர் எண்ணை அனுப்புகிறது. மோட்டார் பக்கத்தில் இருக்கும் ரிசீவர், 'இது நம்ம ஆள்தானா?' என்று பார்த்துவிட்டுத் திறக்கும். பழைய வகையில் எண் எப்போதும் ஒன்றுதான். உள்ளே வரிசையாகக் குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். அவை 12 என்றால் மொத்தமே 4,096 எண்கள். 2015இல் சாமி காம்கர் என்ற அமெரிக்கர், குழந்தைகள் குறுஞ்செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பொம்மையை மாற்றி அமைத்து, இந்த வகைக் கதவுகளைப் பத்தே விநாடிக்குள் திறந்து காட்டினார்.

இதற்கு மாற்று, ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண்ணை மாற்றிவிடும் ரிமோட். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய 'கீலாக்' முறை இதில் பெயர்பெற்றது. ரிமோட்டுக்குள் ஒரு கணக்கு ஓடும். ரிசீவரும் அதே கணக்கை வைத்திருக்கும். அழுத்தும்போது அடுத்த எண் ரகசியமாக உருமாறிப் பறக்கும். ஒருமுறை பயன்பட்ட எண் மறுபடி செல்லாது. ஒளிந்திருந்து யாரோ பதிவுசெய்து நாளைக்கு ஒலிபரப்பினாலும் ஷட்டர் அசையாது.

பாக்கெட்டில் கிடக்கும் ரிமோட் தவறி அழுந்துவது சகஜம் என்பதால் ரிசீவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கணக்கு 16க்குள் முந்தியிருந்தால் கேள்வி கேட்காமல் திறக்கும். அதையும் தாண்டியிருந்தால் சந்தேகப்படும். முதல் அழுத்தலைக் கேட்டுக் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். அடுத்த அழுத்தலில் அதற்கு நேர் அடுத்த எண் வந்தால், 'சரி, நம்ம ரிமோட்தான், எங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது' என்று திறந்துவிடும். மச்சானுக்கு நடந்தது இதுதான். ரிமோட்டை அடியோடு மறக்கவைக்க வேண்டுமென்றால் சின்னவன் 32,000 தடவைக்கு மேல் அழுத்தியிருக்க வேண்டும். கோமுகி அணையிலிருந்து வெள்ளிமலைக்கு எத்தனை நடை போய்வந்தாலும் அது ஆகிற காரியமில்லை.

எல்லா ரிமோட்டும் இப்படி எண்ணுவதில்லை. விலை குறைந்தவற்றில் இன்னமும் மாறாத ஒரே எண்தான். பஜாரில் பத்து நிமிஷத்தில் 'டூப்ளிகேட்' போட்டுத் தருகிறார்கள் என்றால் உங்களுடையது அந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம். வசதிதான். வசதி உங்களுக்கு மட்டுமில்லை என்பதுதான் சங்கடம்.

உண்மையாகவே செல் தீர்ந்துபோவதும் உண்டு. பல ரிமோட்டுகளில் இருப்பது 23ஏ என்கிற 12 வோல்ட் குட்டி பேட்டரி. மேல் தகட்டை உரித்துப் பார்த்தால் எட்டு பட்டன் செல்கள் பெப்பர்மிண்ட் மிட்டாய்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். (பார்த்ததும் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள், பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.) எட்டில் ஒன்று சோர்ந்தாலும் மொத்தமும் சோரும். சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நம்பவும் முடியாது. விளக்குக்குப் போதும் மின்சாரம் அலை வீசப் போதாமல் போகும். முன்பு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றே திறந்தவர் இப்போது ஷட்டரை ஒட்டி நின்றால்தான் திறக்கிறது என்றால் முதலில் செல்லை மாற்றுங்கள். கடித்துப் பார்ப்பது, வெயிலில் காயவைப்பது எல்லாம் வேண்டாம்.

செல்போன் கேமரா முன் ரிமோட்டை நீட்டி, 'வெளிச்சமே வரல' என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சோதனை டிவி ரிமோட்டுக்கு. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. ஷட்டர் ரிமோட் வீசுவது ரேடியோ அலை, பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். கேமராவுக்கு அது தெரியாது.

புதுச் செல் போட்டும் தூரம் குறைந்தே இருந்தால் ரிசீவரிலிருந்து தொங்கும் ஒற்றை வயரைப் பாருங்கள். அதுதான் ஆன்டெனா. இந்த அலைக்குச் சுமார் 17 செ.மீ. நீளம் பொருத்தம். பெயின்ட் அடிக்க வந்தவர் 'என்னமோ தொங்குதே' என்று சுருட்டித் தகரப் பெட்டிக்குள் திணித்திருப்பார். பக்கத்தில் புதிதாக மாட்டிய மலிவான எல்.இ.டி. பல்பும் இரைச்சல் கிளப்பி ரிசீவரின் காதை அடைக்கலாம். பல்பை அணைத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் சுவரில் இருக்கும் பட்டனை அழுத்திப் பார்ப்பது நல்லது. அதற்கும் ஷட்டர் அசையவில்லையென்றால் ரிமோட்டைத் திட்டிப் பயனில்லை. கரண்ட் இல்லை, அல்லது நாலைந்து தடவை ஏற்றி இறக்கியதில் மோட்டார் சூடேறித் தானே நின்றிருக்கிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு மாதம் கழித்து மச்சானுக்கு ரிமோட் முழுசாகவே நின்றுபோனது. சுவர்ப் பட்டன் வேலை செய்தது. அவரிடம் இருந்த இரண்டு ரிமோட்டும் செய்யவில்லை. இந்த முறை எனக்குப் போன் வரவில்லை, மெக்கானிக்குக்குப் போனது. நாலு பட்டன் ரிமோட்டில் ஏற்ற, நிறுத்த, இறக்க மூன்று போக நாலாவதில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். முதல் நாள் இரவு கடை சாத்தும்போது கட்டைவிரல் அதில் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ரிசீவர் எந்த ரிமோட்டின் பேச்சையும் கேட்கவில்லை. மெக்கானிக் அதே பட்டனை ஒரு தடவை அழுத்தினார். வந்து போன செலவு முந்நூறு ரூபாய்.