விசிறிக்கு ஒரு விசை

காரின் மின்விசிறியைக் கையால் இயக்க டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். நல்ல யோசனைதான், அதை மட்டுமே நம்பாதவரை.

ஆற்றுகால் பகவதிக்குப் பொங்கல் நிவேதித்து முடிந்த பிற்பகலில் திருவனந்தபுரத்தில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பெட்ரோலைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும் என்று. 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற திருவிழா அது. மாசி வெயிலில் கரமனை, நேமம், பாலராமபுரம் என்று களியக்காவிளைப் பாதையில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும். அந்த வரிசையில் நாகர்கோவில் திரும்பும் ஒரு பழைய மாருதி 800-ன் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறினால், பானெட்டுக்குள் இருக்கும் மின்விசிறி உடனே சுழன்றாக வேண்டும்.

சுழலாவிட்டால்? சாலையோரப் பட்டறைகளில் கிடைக்கும் யோசனை தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுதான்: ‘டைரக்ட்’ கொடுத்துவிடலாம். விசிறிக்கு ஒரு தனி வயர், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அரை மணி நேர வேலை. பலர் நிம்மதியாக வண்டியை எடுத்துச் செல்கிறார்கள். சிலர் சில மாதங்களில் வெந்துபோன எஞ்சினோடு திரும்பி வருகிறார்கள்.

அம்பாசடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை இருந்தது. அதன் விசிறியைச் சுழற்றியது எஞ்சினோடு பிணைந்த பெல்ட். எஞ்சின் வேகமாக ஓடினால் விசிறியும் வேகமாகச் சுழலும். நெரிசலில் எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருக்கும்போது, அதாவது காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில், விசிறியும் சோம்பிவிடும். மலைப் பாதைகளில் பானெட்டைத் திறந்துவைத்து, கையில் தண்ணீர் கேனோடு காத்திருந்த அம்பாசடர் ஓட்டுநர்கள் ஒரு தலைமுறையின் நினைவுச் சித்திரம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு அதன் பெல்ட்டிலிருந்து விசிறியை ஓட்டுவது எளிதல்ல. எனவே மின்விசிறி வந்தது. எப்போது சுழல வேண்டும் என்பதை முடிவு செய்யும் வேலை தெர்மோ சுவிட்ச்சிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சுற்றை மூடும். விசிறி ஓடும். சில டிகிரி குறைந்ததும் தகடு நிமிர, விசிறி நிற்கும். கார் 50 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எதிர்காற்றே போதும் என்பதால் விசிறிக்குப் பெரும்பாலும் ஓய்வுதான்.

தவறு நேர்வது பெரும்பாலும் இந்தச் சின்னஞ்சிறு பாகத்தில்தான். முனைகள் துருப்பிடிக்கும், தகடு சோர்ந்துபோகும். மின்சாரம் நேரடியாகக் கொடுத்தால் விசிறி ஓடுகிறது, தானாக ஓட மறுக்கிறது என்றால் சந்தேகம் முதலில் தெர்மோ சுவிட்ச் மேல்தான் விழ வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். ஆனால் பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைவதைவிட ‘டைரக்ட்’ எளிதாகத் தெரிகிறது.

அதற்காகக் கை சுவிட்ச்சே கூடாது என்பதில்லை. நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் திணறும். வேகம் இல்லாததால் எதிர்காற்றும் இல்லை. ஏற்றம் தொடங்கும் முன்பே விசிறியைப் போட்டுவிட்டால் நீரின் சூடு கட்டுக்குள் இருக்கும். முன்கூட்டி யோசிக்கத் தெர்மோ சுவிட்ச்சுக்குத் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரியும்.

ஓட்டுநருக்கு மறதியும் உண்டு என்பதுதான் சிக்கல். பேச்சு சுவாரஸ்யத்தில், குழந்தையின் அழுகையில், முன்னால் நிற்கும் பஸ்ஸின் மேல் உள்ள கோபத்தில் முள் ஏறுவதை அவர் பார்க்காமல் விடலாம். கொதிக்கும் எஞ்சினில் அலுமினிய சிலிண்டர் ஹெட் நெளியும், கேஸ்கெட் எரியும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் பல ஆயிரங்களை எண்ணி வைப்பார். எனவே கை சுவிட்ச் தெர்மோ சுவிட்ச்சுக்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக இருக்கக் கூடாது. மின்சார மொழியில் சொன்னால் இரண்டும் பக்க இணைப்பில் இருக்க வேண்டும். எதைப் போட்டாலும் விசிறி ஓட வேண்டும். தொடர் இணைப்பில் வைத்தால் இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும். கை சுவிட்ச்சை மறந்தால் தெர்மோ சுவிட்ச் இருந்தும் பயனில்லை.

அடுத்த ஆபத்து நெருப்பு. சிறிய காரின் விசிறியே 12 வோல்ட்டில் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு. அலங்கார விளக்குக்கான சுவிட்ச்சும் மெல்லிய வயரும் இதைத் தாங்காது. சூடாகும், உருகும். அதற்குத்தான் ரிலே. அதன் 85, 86 முனைகளில் இருப்பது காந்தச் சுருள். கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில் அது வேலை செய்யும். டாஷ்போர்டு சுவிட்ச் அதை மட்டும் இயக்கினால் போதும். விசிறியின் முழு மின்சாரமும் 30, 87 முனைகள் வழியே போகும். இந்த இரு முனைகளைத்தான் தெர்மோ சுவிட்ச்சின் இரு வயர்களோடு பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். காரில் ஏற்கெனவே விசிறிக்கு ரிலே இருந்தால் வேலை இன்னும் சுலபம்: தெர்மோ சுவிட்ச்சுக்குக் குறுக்கே ஒரு சிறிய சுவிட்ச் போதும்.

பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்தால் ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். சுருளுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் விசிறி ஓடி, காலையில் கார் தள்ளுவதற்கு ஆள் தேட நேரும். சுவிட்ச்சோடு ஒரு சிறு விளக்கு இருந்தால் மறதிக்கும் மருந்தாகும்.

2014 ஜனவரியில் மாருதி 800-ன் உற்பத்தி நின்றது. இன்றைய கார்களில் விசிறியை ஆள்வது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. அங்கே வயரை வெட்டி ஒட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதே வழி.

எந்தக் காராக இருந்தாலும், நெரிசலில் முள் ஏறிவிட்டால் ஹீட்டரை முழுதாகத் திறந்து வைப்பது எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயணிகள் வியர்ப்பார்கள், எஞ்சின் பிழைக்கும். முள் இறங்காவிட்டால் ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது: உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். மூடியைத் தளர்த்திய கணமே முகத்தில் பீறிடும். விசிறிக்கு அருகில் விரலைக் கொண்டுபோவதும் ஆபத்து. எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

புது சுவிட்ச் போட்டுக்கொண்டவர்கள் மாதம் ஒருமுறை அதைத் தொடாமல் ஒரு சோதனை செய்வது நல்லது. வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு முள்ளின் மேல் கண்வைத்துக் காத்திருந்தால் போதும். விசிறி தானாகச் சுழன்றால் கவலை இல்லை. சுழலாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பட்டறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அடுத்த பொங்கல் நெரிசலுக்கு முன்பாகவே.