தம் நோயைத் தாமே எடுத்துரைத்தல்

கோயமுத்தூர் நகருக்குத் தெற்கு வாயில் போல அமைந்துள்ளது உக்கடம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு ஆகிய ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் பெரியகுளத்தின் அருகே வந்து சேருகின்றன. அவற்றிலிருந்து இறங்கும் கிராம மக்களுள் சிலர் சந்தைக்குச் செல்வர். சிலர் வேலைக்குச் செல்வர். சிலர் திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வர். மருத்துவமனைக்குச் செல்வோரில் எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து பெற வருவோரும் உண்டு. ஒரே இருக்கையில் அமர்ந்து வந்த இருவர், தாம் இருவரும் ஒரே மருந்துக்காகவே வந்தோம் என்பதை அறியாமலே ஊர் திரும்பவும் கூடும். ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்றவரின் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால், வாய் திறப்பது எளிதன்று. யாரிடம், எவ்வளவு, எதற்காகச் சொல்வது என்பதை இங்கே ஆராய்வோம்.

முன்னே நின்றவர்கள்

நம் நாட்டில் இத்தொற்று இருப்பது 1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியான செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வினால் முதன்முதலில் வெளிப்பட்டது. அந்நாளில் இந்நோயைப் பற்றி மக்களிடையே நிலவிய அச்சம் மிகப் பெரிது. ‘ஒழுக்கம் தவறியவர்க்கே இது வரும்’ என்று பலர் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவர், நமது கொங்கு நாட்டின் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. திருமணத்தின் வழியாகவே தொற்றுக்கு ஆளான அவர், அதனை மறைக்காமல் தம் பெயருடனும் முகத்துடனும் வெளிப்படையாகப் பேசிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். 1998-ஆம் ஆண்டில் 18 பெண்கள் கூடிச் சென்னையில் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. ஒருவர் சொன்ன வரலாறு, ‘எனக்கும் அவ்வாறே நேர்ந்தது’ என்று மற்றவரைச் சொல்ல வைத்தது. தனித்தனியே அழுத பெண்கள், மருந்துக்காகவும் சொத்துரிமைக்காகவும் குழந்தைகளின் கல்விக்காகவும் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று.

சொல்லும் முறை

மருத்துவர் கூறும் உண்மை அறிவுக்குச் செல்கிறது. நோயுற்று நலமடைந்தவர் கூறுவதோ நெஞ்சுக்குச் செல்கிறது. ‘மருந்து உண்டு’ என்பதைக் கேட்டவர் நம்பாதிருக்கலாம். மருந்துண்டு, வயல் வேலைக்குச் சென்று, பிள்ளைகளை வளர்க்கும் ஒருவரை நேரில் கண்டபின் எவ்வாறு நம்பாதிருக்க முடியும்?

எனினும், சொல்ல விரும்புவோர் சிலவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, நம் வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று. தாய் தன் நோயைச் சொன்னால், பள்ளி செல்லும் மகளையும் ஊர் உற்றுநோக்கும். ஆகவே குடும்பத்தாரைக் கலந்த பின்னரே சொல்லுதல் நன்று. இரண்டாவது, ஊர்ப் பொதுக்கூட்டத்தில் தொடங்காமல், நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமோ, தம்மைப் போன்ற சிலர் கூடும் சிறு குழுவிலோ தொடங்குதல் வேண்டும். மூன்றாவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். நோய் எவ்வாறு வந்தது என்று கேட்பவர்க்கெல்லாம் விடை கூறும் கடமை எவர்க்கும் இல்லை.

நான்காவதே மிக இன்றியமையாதது. கண்ணீருடன் கதையை முடித்துவிட்டால் கேட்பவர் இரங்குவர், எழுந்து சென்றுவிடுவர். முடிவில் ஒரு சிறு வேலையைக் கேட்க வேண்டும். ‘அடுத்த மாதம் மருந்து வாங்கச் செல்லும்போது புதிதாக வந்தவர் ஒருவருக்குத் துணையாக வருவீர்களா?’ என்று கேட்டால், இரக்கம் தொண்டாக மாறுகிறது. அவ்வாறு வந்தவர் தம் கதையைச் சொல்லியே தீரவேண்டும் என்று வற்புறுத்துதல் கூடாது. பேசாமல் துணை நிற்பதும் தொண்டே.

அறிந்து கூற வேண்டியவை

சொந்த அனுபவத்தோடு சரியான செய்தியும் சேர வேண்டும். உடன் உண்பதாலும், தொடுவதாலும், ஒரே குழாயில் நீர் பிடிப்பதாலும் இத்தொற்று பரவாது. மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாதபடி குறைந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. கருவுற்ற தாய் உரிய காலத்தில் மருந்து உண்டு, மருத்துவர் சொற்படி நடந்தால், குழந்தைக்குத் தொற்று செல்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவர் நம்பிக்கையுடன் தெரிவித்த தொற்று நிலையை அவருடைய இசைவின்றிப் பிறரிடம் வெளியிடுதலும், சட்டம் விதித்துள்ள சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டுள்ளது. ஐயமுள்ளோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

கேட்போர் கடமை

சொல்பவர்க்குத் துணிவு வேண்டும் என்கிறோம். கேட்பவர்க்கும் பண்பு வேண்டாமா? மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருத்தி தன் நோயைக் கூறினால், அச்சொல் அவ்விடத்திலேயே தங்குதல் வேண்டும். மறுநாள் அவளுடைய கையால் தேநீர் வாங்கி அருந்துதல் வேண்டும். ஊரார் அந்நம்பிக்கையைக் காத்து நின்றால், உக்கடத்தில் இறங்கும் அந்த இருவரும் அடுத்த முறை பேசிக்கொண்டே மருத்துவமனைக்கு நடப்பர். மூன்றாமவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வர்.