வா, போ, எடு: ஏவலில் தொடங்கும் மொழி

பாகூரிலும் வில்லியனூரிலும் 'கொம்யூன் ஆபீசு' என்றுதான் சொல்கிறார்கள். முதல் சொல் பிரெஞ்சு, அடுத்தது இங்கிலீஷ். பெயர்ப் பலகையில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இருக்கும். அதிலும் தமிழ்ச் சொல் கிடையாது. இதை யாரும் கொச்சை என்று சொன்னதில்லை. முத்திரையில் ஏறிவிட்ட சொல் எப்படிக் கொச்சையாகும்? அதே ஊரில் ஒருவர் 'இன்னாத்துக்கு வந்துகினு இருக்கற' என்று கேட்டால் அது கொச்சையாகிவிடுகிறது, பள்ளிக்கூடத்தில் திருத்தப்படுகிறது. என்ன, வா, கொள், இரு என்று அந்தத் தொடரில் உள்ள வேர் அத்தனையும் தமிழ். ஆக, கொச்சை என்ற தீர்ப்பு பேசுகிறவர் நிற்கிற இடத்தைப் பார்த்துச் சொல்லப்படுவது.

இந்த அளவுக்கு நம் சிறுபத்திரிகைகள் முன்பே பேசியாயிற்று. வட்டார வழக்கு இலக்கியத்தில் மரியாதை பெற்றும்விட்டது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. அவர் பின்னாளில் புதுச்சேரிக்கே வந்து தங்கி, 2021இல் இங்கேதான் மறைந்தார். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியில் இந்தக் கொம்யூன்களை ஒட்டிய பழைய தென்னார்க்காட்டுப் பேச்சைப் பார்க்கலாம். இரண்டும் பெரிய வேலைகள். ஆனால் அகராதி சொல்லைத் தரும், பொருளைத் தரும். அந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்லலாம், யார் சொன்னால் உதை விழும் என்பதைத் தராது. அதைத் தெரிந்துகொள்ள வேறொரு ஆளிடம் போக வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வந்து, புத்தகம் எதுவும் இல்லாமல், காதால் கேட்டே நம் பேச்சைக் கற்றுக்கொள்கிற ஆள் அவர்.

வில்லியனூர்ப் பக்கம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரக் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ்ப் பாடம் எங்கே தொடங்குகிறது? 'என் பெயர் இன்னது' என்பதில் இல்லை. வா, போ, எடு, தூக்கு, புடி, வை. எல்லாம் ஏவல், எல்லாம் ஒருமை. தனக்குச் சொல்லப்படுவதைத்தான் காது முதலில் பிடிக்கிறது.

இதில் நம் இலக்கணத்துக்கே ஒரு பங்கு உண்டு. நன்னூல் வினைப்பகுதிகளை ஏவல் வடிவத்தில்தான் பட்டியலிடுகிறது. நட, வா, போ என்பவை ஒருவனை முன்னால் நிறுத்தி இடுகிற கட்டளைகள். அவையே வினையின் வேரும்கூட. இடைநிலையும் விகுதியும் சேர்ந்த பிறகுதான் 'நடந்தேன்' என்று சொல்கிற ஒரு நான் வருகிறது. வெளியூர்த் தொழிலாளிக்குக் கிடைப்பது வேர் மட்டும். காலமும் இல்லை, இடமும் இல்லை.

பாகூரிலேயே இதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செப்பேடு இருமொழியில் அமைந்தது. அரச குலத்தின் புகழ் வடமொழிச் செய்யுளில் வருகிறது. நாட்டாருக்கு இட்ட ஆணையும் எல்லையும் உரிமையும் தமிழ் உரைநடையில் வருகின்றன. துதிக்க ஒரு மொழி, உத்தரவிட ஒரு மொழி. அந்தக் கல்விச்சாலையை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பங்கீட்டைக் கவனிப்பதில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் புரட்டினால், இந்தியாவில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் தம் பேச்சில் கலந்துகொண்ட இந்துஸ்தானி வினைகள் பல ஏவலாகவே கிடக்கின்றன: பக்டோ, லகாவோ, பனாவோ. பிடி, வை, செய். எஜமானுக்கு வேலைக்காரன் மொழியில் வேறு வடிவம் தேவைப்படவில்லை. மாறாக, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் (1736 - 1761) தமிழுக்குள் நுழைந்த ஐரோப்பியச் சொற்களில் கண்ணில் படுகிறவை பெரும்பாலும் பெயர்கள்: முசே, குவர்ணதோர், கோன்சேல், சொலுதாது. மேலே இருப்பவனிடமிருந்து பதவிப் பெயர் இறங்கி வருகிறது. கீழே இருப்பவனின் மொழியிலிருந்து ஏவல் எடுக்கப்படுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்கச் சிப்பாய்களிடம் எப்படிப் பேசுவது என்று அதிகாரிகளுக்குச் சொல்லித்தர 1916இல் ஒரு கையேடு அச்சிட்டார்கள். வினையைத் திரிக்காதே, சொற்களை உதிரியாக அடுக்கு என்பது அதன் சாரம். சிப்பாய்க்கு உடைந்த பிரெஞ்சைக் கொடுத்துவிட்டு, பிறகு 'பாவம், அவனுக்குப் பிரெஞ்சு வராது' என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபனான் 1952இல் எழுதிய நூலின் மொழி அத்தியாயத்தில் இதைத்தான் பிடித்தார். உடைந்த மொழியில் என்னிடம் பேசுகிறவன் என்னை ஓர் இடத்தில் ஆணியடித்து நிறுத்துகிறான் என்பது அவர் வாதம்.

நம்ம மேஸ்திரி கையேடு எதையும் படித்ததில்லை. ஆனாலும் அதே வேலையைச் செய்கிறார். 'நீ இங்க வேலை. நாளைக்கு லீவு இல்ல. பைசா அப்புறம்.' வீட்டில் மனைவியிடமோ டீக்கடையில் நண்பரிடமோ அவர் இப்படிப் பேசுவாரா? முழுத் தமிழைக் காதில் போடாமல் வைத்துக்கொண்டு, 'ரெண்டு வருஷமாச்சு, இந்திக்காரனுக்கு இன்னும் தமிழ் வரல' என்கிறார். அந்த 'இந்திக்காரன்' வீட்டில் பேசுவது ஒடியாவாகவோ சந்தாலியாகவோ இருக்கலாம். இந்தியே அவனுக்கு இரண்டாம் மொழியாக இருக்கலாம். இந்தித் திணிப்பை எதிர்த்த மரபில் வந்த நாம் இந்த வித்தியாசத்தையாவது பார்க்க வேண்டாமா?

மரியாதை விஷயத்துக்கு வருவோம். பேச்சுத் தமிழ்ப் பாடநூல்கள் மூத்தவரை 'நீங்க' என்றும் இளையவரை 'நீ' என்றும் சொல்லச் சொல்கின்றன. அது நகரத்து வரவேற்பறையின் இலக்கணம். ஊருக்கும் காலனிக்கும் நடுவே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறவனுக்குக் கேட்பது வேறு. எழுபது வயது தலித் முதியவரை 'வாடா' என்று கூப்பிடும் குரல் நம் கிராமங்களில் இன்னும் அடங்கிவிடவில்லை. அந்த முதியவர் பண்ணை வீட்டுப் பையனை 'வாங்க' என்றுதான் சொல்லியாக வேண்டியிருந்தது. வயது விதி என்றால் இது பிழை. சாதி விதி என்றால் இலக்கண சுத்தம். பாடப் புத்தகம் மறைப்பதை, கேட்டுக் கற்கிறவன் ஒரு வாரத்தில் கண்டுகொள்கிறான். விதி தெரியாமல் அவன் அந்த முதியவரை 'வாங்க' என்றும், முதலாளியை 'நீ வா' என்றும் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? முதலாவதற்குச் சிரிப்பார்கள், இரண்டாவதற்கு அடிப்பார்கள். சிரிக்கிற இடமும் அடிக்கிற இடமும் எந்த அகராதியிலும் இல்லாத பகுதி. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கும் உறுத்தியது சொல்லா, சொல்கிற வாயா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பேச்சுத் தமிழுக்கு விதியே இல்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதி உண்டு என்று முதலில் உட்கார்ந்து எழுதியவர்கள் வெளியார்தான், அதுவும் மதப் பிரசாரத்துக்காக. வீரமாமுனிவர் சக பாதிரிமார்களுக்காக லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. மக்களிடம் பேசாமல் அவர்களுக்குக் காரியம் நடக்காது. நமக்கு அந்தத் தேவை இருந்ததில்லை. நாம் எழுத்துத் தமிழில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம்.

ஒரு சின்ன உதாரணம். எழுத்தில் வந்திலேன், வந்திலன் என்று மறுப்புக்கும் விகுதிகள் இருந்தன. பேச்சில் 'வரல' ஒன்று போதும்: நான் வரல, நீ வரல, அவங்க வரல. ஆனால் மறுக்கிறபோது விகுதி திரும்பி வந்துவிடுகிறது: வரமாட்டேன், வரமாட்டான், வரமாட்டாங்க. நடக்காததைச் சொல்ல ஆள் வேண்டாம், மறுப்பதற்கு ஆள் வேண்டும். இது கொச்சையா, நுட்பமா?

ஏவலில் தொடங்குகிறவன் கடைசியாகக் கற்பதும் இந்த மறுப்பைத்தான். இல்ல, வேணாம், முடியாது, கூடாது, மாட்டேன் என்று ஐந்து வழி இருக்கிறது. ஐந்தையும் யாரும் அவன் காதில் போடுவதில்லை, ஏனென்றால் அவனிடம் அவற்றைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை 1937இல் பிரெஞ்சு ஆணையாக வந்தது. அந்த ஆணைக்கு முன்னால் தமிழில் சொல்லப்பட்ட 'முடியாது' எத்தனை என்று எந்த அரசிதழிலும் பதிவு இருக்காது.

வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் பேச்சுத் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன. ஷிஃப்மன் 1999இல் முழு இலக்கணமே எழுதினார். சேதராப்பட்டுத் தொழிலாளிக்கு ஒரு சிறு வெளியீடு போட நம் சங்கங்களுக்கு எவ்வளவு செலவாகும்? முப்பது பக்கம், ஒரு பக்கம் ஒடியா அல்லது இந்தி, எதிர்ப்பக்கம் இந்த ஊர்ப் பேச்சு. முதல் பாடத்தில் 'வணக்கம்' வேண்டாம். 'கூலி எப்ப தருவீங்க?', 'எத்தினி மணி வரைக்கும்?', 'இதுக்குத் தனிக் காசு உண்டா?', 'கையி மாட்டிக்கும், இந்த மிசின்ல செய்யமாட்டேன்' என்று தொடங்கலாம். அதை எழுத்துத் தமிழில் அச்சடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.