'கை கொடு'ன்னா கை கொடுக்கும்! செல்ல நாயை பழக்குவது எப்படி?

ராஜபாளையம்:
'கை கொடு' என்றதும் நாய் முன்னங்காலை தூக்கி நம் உள்ளங்கையில் வைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? 2005-ல் தபால் தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் நாயோ, தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயோ, எதையும் இப்படி பழக்கலாம்.

முதலில் நாயை உட்கார வையுங்கள். எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறி துண்டு ஒன்றை கைக்குள் பொத்தி, அதன் மார்புக்கு நேரே நீட்டுங்கள். மோப்பம் பிடிக்கும், நக்கும். கையை திறக்காதீங்க. கறி கிடைக்காமல் காலால் பிராண்டும். அந்த நொடியே 'சபாஷ்' என்று சொல்லி கறியை கொடுங்கள். தாமதித்தால் எதுக்கு கிடைச்சதுன்னு அதற்கு புரியாது.

தானாக காலை தூக்க தொடங்கியதும் 'கை கொடு' என்ற சொல்லை சேருங்கள். பிறகு வெறுங்கையை நீட்டி பழக்குங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். வீட்டில் ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் நாய் குழம்பிடும். காலை பிடித்து இழுப்பது, அடிப்பது கூடவே கூடாது. பயந்த நாய் கடிக்கும்.

'முத்தம் கொடு' என்று முகத்தை நக்க விடுவது மட்டும் வேண்டாம். ரேபிஸ் உள்ள நாயின் எச்சில் புண்ணில் பட்டாலே நோய் தொற்றலாம். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக அரிது.

குட்டிக்கு 3 மாதத்தில் தடுப்பூசி போடுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.