பணத்தை எங்கே போடுவது, யாரிடம் கேட்பது?

ராஜபாளையத்துக்குப் பங்கு என்பது செல்போனோடு வந்த சொல் இல்லை. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோதே அது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. 1957-ல் அவர் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013 முதல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. இரண்டும் இன்றும் பங்குச்சந்தையில் கைமாறும் நிறுவனங்கள். வங்கிக் கணக்கே அரிதாக இருந்த ஒரு காலத்தில், தென்கோடியின் இந்தச் சிற்றூரில் 'ஷேர்' என்ற பேச்சு புழங்கியது என்றால் காரணம் இதுதான். பங்கு வாங்கியவருக்கு மில் எங்கே இருக்கிறது என்று தெரியும். சங்கு ஊதுவது காதில் விழும். பஞ்சு வருவதும் நூல் போவதும் கண்ணுக்குத் தெரியும். நடத்துகிறவர் யார், எந்தத் தெருக்காரர் என்பதும் தெரியும்.

அந்த ஊரிலும், பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று இருபது, இருபத்தைந்து வயதில் இருப்பவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் அவர்களுடைய தாத்தா கேட்டவைதான். எப்படிச் சம்பாதிப்பது? மிச்சம் பிடித்ததை எங்கே போடுவது? மாறியிருப்பது யாரிடம் கேட்கிறார்கள் என்பது. நம் ஊர்ப் பிள்ளைகளின் பணம் பிழைப்பதும் போவதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்று: தெரிந்தவர் சொன்ன பதில்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முதல் சம்பளம் வாங்கிய இளைஞர் கேட்பதற்கு ஆட்கள் குறைவு. அப்பா, தாய்மாமன், மில்லில் மூத்த தொழிலாளி, சீட்டு நடத்தும் அக்கா, தபால் ஆபீஸ் ஏஜென்ட். பதில்களும் குறைவு. சம்பாதிக்க வேண்டுமா? மில்லில் சேர். சத்திரப்பட்டிப் பக்கமா? பேண்டேஜ் துணிக்கு ஒரு தறி வாங்கிப் போடு. தளவாய்புரமா? தையல் மெஷின் வாங்கு. ஸ்ரீவில்லிபுத்தூரா? மாடு வை, பாலை சொசைட்டிக்கு ஊற்று. மிச்சம் பிடித்ததற்கு நகை, சென்ட் கணக்கில் நிலம், சீட்டு, தபால் ஆபீஸ்.

ஏலச்சீட்டின் கணக்கை அந்தத் தலைமுறை மனக்கணக்காகவே போட்டது. இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய், மொத்தம் 20,000. அவசரக்காரர் ஐயாயிரம் தள்ளி 15,000-க்கு எடுக்கிறார். நடத்துகிறவருக்கு ஐந்து சதவீதம், அதாவது ஆயிரம். மீதி நாலாயிரத்தை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இருநூறு. அந்த மாதம் எல்லோரும் கட்ட வேண்டியது எண்ணூறுதான். கடன் வேண்டியவருக்குக் கடன், சேமிக்க நினைத்தவருக்குச் சேமிப்பு. இரண்டும் ஒரே திண்ணையில் நடந்தன. தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டுக்குச் சட்டம் வந்தது, 1982-ல் மத்தியச் சட்டம் வந்தது. ஆனாலும் தெருச்சீட்டுகளில் பெரும்பாலானவை பதிவில்லாமல் நடந்தவை. அவற்றுக்கு இருந்த ஒரே உத்தரவாதம், நடத்துகிறவர் நாளைக்கும் அதே தெருவில் முகம் காட்ட வேண்டும் என்பது.

தபால் ஆபீஸ் சேமிப்புக்கு வீடு தேடி வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏற்பட்ட மகளிர் ஏஜென்ட் திட்டத்தில், மாதாமாதம் ஆர்.டி. பணம் வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பு. பி.பி.எஃப்.-க்கு 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 சதவீத வட்டி. விலைவாசி அன்றும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அரசாங்கமே இந்த வட்டி தரும்போது, பங்குச்சந்தையைப் படிக்க வேண்டிய தேவை ஒரு மில் தொழிலாளிக்கோ பள்ளி ஆசிரியருக்கோ இருக்கவில்லை. "தபால் ஆபீஸில் போடு" என்ற ஒரு வரி ஆலோசனை அந்தக் காலத்துக்கு நல்ல ஆலோசனையாகவே இருந்தது.

நடுவில் விழுந்த அடி

இந்தப் படத்தை மட்டும் காட்டி அன்றைய காலம் பொற்காலம் என்று முடித்துவிட முடியாது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் ஊர்தோறும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. வருடத்துக்கு 24 சதவீதம், 36 சதவீதம் என்றார்கள். நம் வழக்கில் சொன்னால் ரெண்டு வட்டி, மூணு வட்டி. பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் எல்லாம் அங்கே போனது. வரிசையாகக் கடைகளை மூடினார்கள். அதற்காகவே 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. மறுவருடமே தேக்கு மரத்தின் பெயரால் பணம் திரட்டிய அனுபவ் நிறுவனம் விழுந்தது. பாதுகாப்பானது என்று நம்பியிருந்த யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.-64 திட்டத்திலும், 2001 ஜூலையில் ஆறு மாதத்துக்குப் பணம் எடுக்க முடியாது என்று அறிவித்தார்கள்.

அந்த நிறுவனங்களில் பணம் போடச் சொன்னவர்களும் தெரிந்தவர்கள்தான். பக்கத்து வீட்டு ஏஜென்ட், உடன் வேலை பார்த்தவர், சொந்தக்காரர். பலர் தங்கள் பணத்தையும் சேர்த்தே இழந்தார்கள். தெரிந்தவர் என்பதால் நல்ல எண்ணம் இருக்கலாம். விஷயம் தெரியும் என்று ஆகிவிடாது.

அடி விழுந்ததைவிடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு நடந்தது. இழந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் இன்னும் அவமானம். எவ்வளவு போட்டோம், எதை நம்பிப் போட்டோம், எப்போது சந்தேகம் வந்தது என்பதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. பல வீடுகளில் மிஞ்சியது "யாரையும் நம்பாதே" என்ற ஒரே வாக்கியம். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி முதலீடு செய்வது?

இன்று: தெரியாதவர் சொல்லும் பதில்

மௌனம் இருந்த இடத்துக்குள் போன் வந்தது. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் ஆதாரும் பான் கார்டும் இருந்தால் விடுதி அறையிலிருந்தே, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு தொடங்கிவிடலாம். 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டின.

இதில் உண்மையான நன்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் யாரையும் கேட்காமல், யாருக்கும் கமிஷன் கொடுக்காமல், தன் பெயரில் மாதம் ஐந்நூறு ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட முடிகிறது. அவளுடைய அம்மாவுக்கு அந்த வாய்ப்பே இருந்ததில்லை. தமிழில் படிக்கவும் கிடைக்கிறது. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' போன்ற நூல்களும் நாணயம் விகடன் போன்ற இதழ்களும் பங்குச்சந்தையை ஆங்கிலம் தெரியாதவரின் கைக்குக் கொண்டுவந்தன. தேவையும் மாறியிருக்கிறது. அன்று ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பான கிசான் விகாஸ் பத்திரம், 2023 முதல் உள்ள 7.5 சதவீத வட்டிக் கணக்கில், இரட்டிப்பாக 115 மாதம் எடுக்கிறது. ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். பி.பி.எஃப். 7.1 சதவீதத்தில் நிற்கிறது. "தபால் ஆபீஸில் போடு" என்பது இன்றும் நல்ல பதிலின் ஒரு பாதிதான். மறுபாதியை இளைஞர்கள் தேடிப் போவது நியாயம்.

தேடிப் போகும் வழியில் அவர்களுக்கு முதலில் அகப்படுவதுதான் கவலை தருகிறது. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24-ல் வர்த்தகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழ். முதல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே உள்ளவர்கள் 72 சதவீதத்துக்கும் மேல். நான்கில் மூன்று பேருக்கு ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் தெரியும் முகம் மும்பைக்காரருடையதில்லை. நம் ஊர்ப் பையனுடையது.

அவன் புத்தியில்லாமல் தோற்கவில்லை. ஆப்ஷனில் ஒருவருக்கு லாபம் என்றால் எதிரே இருப்பவருக்கு நஷ்டம். எதிரே இருப்பது வெளிநாட்டு நிறுவனங்களும் பெரிய புரோக்கர் நிறுவனங்களும். 2023-24-ல் அவர்கள் சம்பாதித்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அல்காரிதம் போட்ட வர்த்தகத்தில் வந்தது என்கிறது அதே ஆய்வு. ஜெயித்தாலும் தோற்றாலும் புரோக்கரேஜும் வரியும் கட்ட வேண்டும். அந்த ஆண்டு அதற்கு மட்டும் தலைக்குச் சராசரியாக 26,000 ரூபாய் போனது. கொடுமை என்னவென்றால், இரண்டு ஆண்டு தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் மறுபடியும் அதையே செய்தார்கள்.

இதைக் கற்றுத் தருவதாகச் சொல்பவர்களில் பலருக்கு வருமானம் வர்த்தகத்தில் வருவதில்லை, கோர்ஸ் கட்டணத்தில் வருகிறது. முதலீட்டு ஆலோசனை சொல்ல செபியில் பதிவு வேண்டும் என்ற விதி 2013 முதல் இருக்கிறது. பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவர்களோடும் லாபக் கணக்குக் காட்டி ஆள் சேர்ப்பவர்களோடும் புரோக்கர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024-ல் விதி கொண்டுவந்தார்கள். பாடம் மட்டும் நடத்துகிறேன் என்பவர் கடைசி மூன்று மாதப் பங்கு விலையை வைத்துப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தினார்கள். பழைய பைனான்ஸ் கம்பெனி வகையும் செத்துவிடவில்லை. தொண்ணூறுகளில் வருடத்துக்கு 24 சதவீதம் என்றார்கள். ஆருத்ரா கோல்டு மீது 2022-ல் வந்த புகாரில் மாதத்துக்கே 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள் என்று இருக்கிறது. மதுரையின் நியோமேக்ஸ் மீதும் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு நடக்கிறது.

இரண்டு காலத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது

அன்று பதில் சொன்னவர் ஊரைவிட்டு ஓட முடியாது, ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. இன்று பதில் சொல்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம், உங்கள் பணம் போனால் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்கு வேண்டியது விஷயமும் தெரிந்து, பொறுப்பும் ஏற்கிற ஆள். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முன் தலைமுறைக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண், ஆய்வாளர் என்றால் ஐ.என்.ஹெச்., மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர் என்றால் ஏ.ஆர்.என். எண்ணைக் கேளுங்கள். முதல் இரண்டையும் செபி இணையதளத்திலும், ஏ.ஆர்.என்.-ஐ ஆம்ஃபி இணையதளத்திலும் சரிபாருங்கள். சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏமாற்றியவனுக்குச் சாதகம்.

சம்பாதிப்பதற்கான பதிலும் ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கு மருத்துவமனை இருக்கும் வரை சந்தை உண்டு. டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவர் தொழில் தொடங்க, தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் கிடைக்கிறது. விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஐம்பதாயிரம் ரூபாயை ஆப்ஷனில் வைத்துப் பார்க்கும் துணிச்சல், அதை ஒரு தொழிலில் வைத்துப் பார்க்கவும் வர வேண்டும். தொழிலில் தோற்றாலும் வேலை தெரிந்திருக்கும்.

கடைசியாகப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். எந்தக் கம்பெனியில் எவ்வளவு இழந்தீர்கள், ஏஜென்ட் சொன்ன எந்த வார்த்தையில் மயங்கினீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பீரோவில் பழைய பங்குப் பத்திரம் இருந்தால் எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை டீமேட் ஆக்காமல் விற்க முடியாது. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், அங்கிருந்து மீட்க விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேலையை உங்கள் பேரன் பேத்தி செய்துவிடுவார்கள். அதைச் செய்யும்போதே கம்பெனி என்றால் என்ன, பங்கு என்றால் என்ன, இத்தனை வருடத்தில் ஒரு மில்லின் கதை எப்படிப் போனது என்பதையும் கற்றுக்கொள்வார்கள். 1875 முதல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பென்னிங்டன் நூலகம் போன்ற இடங்களிலும் கல்லூரிகளிலும், பணத்தை இழந்தவர்கள் மாதம் ஒருமுறை இளைஞர்களோடு உட்கார்ந்து பேசலாம். ஜெயித்தவர் பேச ஆயிரம் சேனல் இருக்கிறது. தோற்றவர் பேசுவதைக் கேட்க நம் பிள்ளைகளுக்கு இன்றுவரை ஓர் இடமும் இல்லை. அந்த இடத்தை ஏற்படுத்துவது நம்மால் முடியும், அதற்கு ஒரு ரூபாய் முதலீடும் தேவையில்லை.