3 லட்சம் பேருக்கு ஒரே வீடு!

மெக்சிகோ நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தில், உயர்நிலை வகுப்புகளையும் சேர்த்து, 3 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவ-மாணவிகள் படிக்கிறார்கள்!

அதன் தலைமை வளாகம் ஒரு தனி நகரம். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை மீது கட்டியது. உள்ளே போய் வர பஸ் உண்டு. டிக்கெட் கிடையாது!

இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு கிராமத்துப் பையன் தொலைந்து போக மாட்டானா?

"கோயா" முழக்கம்

மாட்டான்! கால்பந்து மைதானத்தில் "கோயா, கோயா" என்று முழக்கம் எழும். பணக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் தோளோடு தோள் நின்று முழங்குவார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர்: "பூமா". பூமா என்பது புலியைப் போன்ற ஒரு காட்டு மிருகம். அதுதான் அவர்களுடைய சின்னம்.

20 காசு

பட்டப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 20 செண்டாவோ. நம் கணக்கில் சொன்னால், அவர்கள் நாட்டு 20 காசு!

1999-ல் நிர்வாகம் கட்டணத்தை உயர்த்தப் போவதாகச் சொன்னது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். வேலைநிறுத்தம் 9 மாதத்துக்கு மேல் நீடித்தது. படிப்பு பாழானது. 2000 பிப்ரவரியில் போலீஸ் புகுந்து முடித்து வைத்தது. ஆனாலும் கட்டாயக் கட்டணம் வரவில்லை.

முழக்கம் போட்டால் மட்டும் உறவு வந்து விடாது. ஏழைக்கும் கதவு திறந்திருந்தால்தான் அது எல்லோருக்கும் வீடு!