மலைத் தினைக்குருவியும் நாம் அழிக்கும் புல்லும்

மலைக்காட்டுக் குருவி என்றதும் பச்சை, சிவப்பு, நீலம் என வண்ணங்களை வாரியிறைத்த ஒரு பறவையே எமது கற்பனையில் தோன்றும். நியூகினித் தீவின் மலைக்காடுகளில் அத்தகைய குருவிகள் உண்மையாகவே வாழ்கின்றன. ஆனால், அவற்றின் நெருங்கிய உறவினமொன்று எமது மலையகத்திலும் வாழ்ந்து வருகின்றது என்பதைப் பலரும் அறிவதில்லை. கருந்தொண்டைச் சில்லை எனப்படும் மலைத் தினைக்குருவியே அதுவாகும். சிங்கள மக்கள் இவ்வகைக் குருவிகளை 'வீ குருல்லா', அதாவது நெற்குருவி, என அழைக்கின்றனர்.

சுமார் 12 சென்ரிமீற்றர் நீளமேயுள்ள இக்குருவி தூரத்தில் வெறும் கறுப்பாகவே தென்படும். அருகிற் பார்த்தால்தான் அதன் அழகு விளங்கும். முகமும் தொண்டையும் கருமை. முதுகு கடும் பழுப்பு. கழுத்தின் பக்கங்களில் இளஞ்சிவப்புக் கலந்த மென்பழுப்பு. வயிற்றில் கறுப்பும் வெள்ளையும் செதில் செதிலாகப் பின்னிய கோலம். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இதே இனத்தின் வயிற்றில் இக்கோலம் இல்லை. இலங்கை மலைகளில் வாழும் வடிவம் எமது நாட்டிற்கே உரியது.

இதன் விஞ்ஞானப் பெயரில் ஒரு வரலாறும் உண்டு. இலங்கையிற் பிறந்து, இந்நாட்டு உயிரினங்களைப் பற்றி 1852 ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்ட மருத்துவர் கெலார்ட் 1860 இல் காலமானார். மூன்று ஆண்டுகளின் பின்னர் இப்பறவையை உலகிற்கு அறிமுகப்படுத்திய ஜெர்டன் என்ற மற்றொரு மருத்துவர், அதற்குக் கெலார்ட்டின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் தென்னிந்திய வடிவத்திற்கு ஜெர்டனின் பெயர் இடப்பட்டது. கடலின் இருபுறமும் வாழும் ஓரினம் இரு மருத்துவர்களின் பெயரையும் சுமந்து நிற்கின்றது.

இக்குருவி அடர்ந்த காட்டின் நடுவே வாழ்வதில்லை. காட்டின் ஓரம், வெட்டவெளி, பற்றைகள், புற்றரைகள், தோட்டங்கள் ஆகியனவே இதன் இருப்பிடம். சிறு கூட்டங்களாகத் திரிந்து, புற்களின் விதைகளையே பிரதானமாக உண்கின்றது. குட்டையான, தடித்த அலகு விதையின் உமியை நீக்குவதற்கென்றே அமைந்தது. மரத்திலோ, பற்றையிலோ, சில வேளைகளில் வீட்டுச் சுவரை அண்டியோ புல்லினால் பெரிய உருண்டையான கூட்டைக் கட்டி, மூன்று முதல் எட்டு வரையான வெண்ணிற முட்டைகளை இடும். உணவும் புல், வீடும் புல். புல் இல்லையேல் இக்குருவிக்கு வாழ்வில்லை.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது. அரநாயக்க போன்ற பிரதேசங்களில் காடு, தேயிலை, இறப்பர், வயல், குடிமனை யாவும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கின்றன. அந்த எல்லைகளில் வளரும் புல்லை நாம் களை என்கின்றோம். குருவிக்கோ அதுவே நெல். முன்னர் களை கையினால் எடுக்கப்பட்டது. பின்னர் களைநாசினி வந்தது. கிளைபோசேற் என்னும் களைநாசினி 2015 இல் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மாத்திரம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கையால் களையெடுக்க ஆளில்லை எனத் தோட்ட நிர்வாகங்கள் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. எனினும், காட்டோரத்திலும் நீரோடைக் கரையிலும் மருந்து தெளிக்கப்படும்போது, விதை முற்றுவதற்கு முன்னரே புல் கருகி விடுகின்றது.

இது குருவியின் பிரச்சினை மாத்திரமல்ல. புல் அற்ற சரிவில் விழும் மழை மேல்மண்ணை வாரிச் செல்கின்றது. 2016 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி, கடும் மழையின்போது அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களைப் புதைத்த துயரத்தை எவரும் மறந்திருக்க முடியாது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அத்தகைய பெருஞ்சரிவைப் புல்வேர் தடுத்திருக்கும் என நாம் கூற வரவில்லை. ஆனால், மலைச்சரிவில் மண்ணை எவ்வளவு கவனத்துடன் கையாள வேண்டும் என்பதை அந்நாள் எமக்கு உணர்த்தியது.

நெல் விளையும் காலத்தில் தினைக்குருவிக் கூட்டங்கள் வயலில் இறங்குவதால் விவசாயிக்கு இழப்பு ஏற்படுவதும் உண்மையே. காட்டோரப் புல்லை அழித்துவிட்டு, வயலுக்கு வரும் குருவியைக் குறைகூறுவது எவ்வகையில் பொருந்தும்?

தோட்டம் முழுவதையும் புல்லுக்கு விட்டுவிடுமாறு நாம் கோரவில்லை. காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் சில அடி அகலப் புல்லையாவது மருந்து தெளிக்காது, விதை முற்றும் வரை விட்டுவைத்தால் போதும். கூட்டைக் கலைப்பதும், குஞ்சுகளைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் தவறு என்பதைப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். இம்மலைகளைத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என அனைவரும் பகிர்ந்தே வாழ்கின்றனர். ஒரு பிடி புல்விதையோடு திருப்தியுறும் இச்சிறு குருவிக்கும் அதில் ஒரு பங்குண்டு.